புதிய கணினியில் விண்டோஸ் 7: டிவிடியைப் போடும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

பழைய கணினி நின்றுபோனால் அதை நம்பியிருந்த வேலையும் நின்றுபோகும் இடங்கள் இன்னும் உண்டு. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு விண்டோஸ் 7க்குப் பிறகு டிரைவரே (இயந்திரத்தோடு விண்டோஸைப் பேசவைக்கும் மென்பொருள்) வரவில்லை. பல ஆண்டுத் திருமண அழைப்பிதழ்க் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. கணக்கு மென்பொருளின் டாங்கிள் (உரிமத்தைக் காட்டும் சிறு கருவி) பழைய பிரிண்டர்கள் இணையும் பேரலல் போர்ட்டில்தான் மாட்டும். சிங்கப்பூரில் தேக்காவின் அச்சுக்கடைகளானாலும் உபி வட்டாரத்தின் தொழிற்கூடங்களானாலும், இப்படி ஒரு காரணம் கையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. பழைய திரைத் தோற்றம் பிடிக்கும் என்பது மட்டுமே காரணமென்றால் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது.

காரணம் இருந்தாலும், முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவை மென்பொருள் மட்டும்தான், அதோடு எந்த இயந்திரமும் இணையவில்லை என்றால், விண்டோஸ் 11க்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் மென்பொருள்) போட்டு அதற்குள் விண்டோஸ் 7ஐ நிறுவுங்கள். அரை நாளில் முடியும். வன்பொருள் தொல்லை எதுவும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி தேவைப்படுபவர்களுக்கும் இதே வழியைத்தான் சொல்வோம். சீரியல் போர்ட், பேரலல் போர்ட், பழைய யூஎஸ்பி டாங்கிள், விசேஷ பிசிஐ கார்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

ஏன் நேரடியாக நிறுவ முடிவதில்லை?

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22. அதற்குப் பின் வந்த எந்தச் சில்லும் அதற்கு அந்நியம். நிறுவலின்போது வரும் தொல்லைகள் பல வடிவில் தெரிந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: வன்பொருள் இருக்கிறது, அதோடு பேசத் தெரிந்த டிரைவர் நிறுவிக்குள் இல்லை. மூன்று இடங்களில் இது முட்டும்.

முதல் இடம் யூஎஸ்பி. இன்டெல் 2015இல் 6ஆம் தலைமுறைச் சில்லுகளோடு கொண்டுவந்த 100 வரிசை சிப்செட்டில், யூஎஸ்பி 2.0ஐ இயக்கும் பழைய இஎச்சிஐ கட்டுப்பாட்டியை எடுத்துவிட்டது. இருப்பது யூஎஸ்பி 3.0க்கான புதிய எக்ஸ்எச்சிஐ மட்டும். விண்டோஸ் 7க்கு அது தெரியாது. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) வேலை செய்த விசைப்பலகையும் மவுஸும் மொழி தேர்வு செய்யும் திரை வந்ததும் செத்துவிடும். பென்டிரைவிலிருந்து நிறுவினால், "சிடி டிவிடி டிரைவர் காணவில்லை" என்று ஒரு செய்தி வரும். டிவிடியே இல்லாத கணினியில் இது ஏன் வருகிறது என்று குழம்ப வேண்டாம். நிறுவி தன் சொந்தக் கோப்புகள் இருக்கும் பென்டிரைவையே பார்க்க முடியாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். 6ஆம் தலைமுறையிலிருந்து அது உதவாது. துளை 2.0தான், அதற்குப் பின்னால் இருப்பது எக்ஸ்எச்சிஐ.

இரண்டாவது இடம் சேமிப்பகம். போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு விண்டோஸ் 7இல் டிரைவர் இல்லை. கேபிளில் இணையும் சாட்டா எஸ்எஸ்டிக்கு, பயாஸில் ஏஎச்சிஐ என்ற முறையில் இருக்கும்வரை, எந்தச் சிக்கலும் இல்லை.

மூன்றாவது இடம் பூட் ஆகும் முறை. விண்டோஸ் 7 திரையில் படம் காட்டப் பழைய பயாஸின் விஜிஏ சேவையை நாடுகிறது. பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள மதர்போர்டில் அந்தச் சேவை கிடையாது. அதனால் நான்கு வண்ண இலச்சினை வரும் கட்டத்தில் அப்படியே உறைந்து நிற்கும். பழைய முறையைப் பாவனை செய்யும் சிஎஸ்எம் என்ற வசதி பயாஸில் இருக்கிறதா என்பதே இந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்தக் கணினியை வாங்குவது?

"புதிய கணினி" என்றதும் இந்த ஆண்டு வந்ததை வாங்காதீர்கள். உங்கள் பழைய கணினியைவிடப் புதியதாக, உதிரிபாகம் கிடைப்பதாக இருந்தால் போதும். எங்கள் முதல் பரிந்துரை, இன்டெல் 6ஆம் தலைமுறை அலுவலகக் கணினிகள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 7040, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி2 போன்றவை. இவை விற்பனைக்கு வந்த காலத்திலேயே விண்டோஸ் 7 புரொஃபஷனலோடும் கிடைத்தவை. ஆகவே கிராஃபிக்ஸ், நெட்வொர்க், ஒலி எல்லாவற்றுக்கும் முறையான டிரைவர் உண்டு. சிம் லிம் ஸ்குவேரில் பழைய கணினி விற்கும் கடைகளிலும் கரோசெல் இணைய விற்பனைத் தளத்திலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட இந்த மாதிரிகளைத் தேடலாம்.

வாங்கும் இடத்திலேயே மானிட்டரை இணைத்து பயாஸ் திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. பயாஸில் கடவுச்சொல் பூட்டு இருக்கக்கூடாது. அலுவலகக் கணினிகளில் இது அடிக்கடி மிஞ்சியிருக்கும், பூட்டியிருந்தால் ஒரு அமைப்பையும் மாற்ற முடியாது. லெகசி அல்லது சிஎஸ்எம் என்ற தெரிவு இருக்க வேண்டும். பின்புறத்தில் பழைய விசைப்பலகைக்கும் மவுஸுக்குமான ஊதா, பச்சை நிற வட்டமான பிஎஸ்/2 துளைகள் இருந்தால் பெரிய லாபம்.

புத்தம் புதிய போர்டு வேண்டும் என்பவர்கள் 8, 9ஆம் தலைமுறைக்கான எச்310சி, பி365 சிப்செட் போர்டுகளைத் தேடலாம். இவை இரண்டும் 22 நானோமீட்டரில் செய்யப்பட்டவை, 200 வரிசையின் உறவுக்காரர்கள். அதனால் அந்த வரிசையின் யூஎஸ்பி டிரைவர் இவற்றிலும் ஓடும். ஆனால் 8, 9ஆம் தலைமுறைச் சில்லுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் தரவில்லை. ஜிடி 1030 போன்ற ஒரு சிறிய என்விடியா கார்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி பக்கம் பி350, எக்ஸ்370 போர்டுகளும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் நடக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டாம். அங்கே சில்லுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் சிஎஸ்எம்மோடு ஒத்துழைக்காது, வன்பொருளை விண்டோஸுக்கு விவரிக்கும் போர்டின் ஏசிபிஐ அட்டவணையும் விண்டோஸ் 7க்குப் புரியாது. "பயாஸ் ஏசிபிஐக்கு இணங்கவில்லை" என்று சொல்லி ஏ5 என்று முடியும் நீலத்திரையோடு நின்றுவிடும்.

இன்னொரு முடிவும் இப்போதே எடுக்க வேண்டும்: 32 பிட்டா 64 பிட்டா? 1990களில் எழுதப்பட்ட 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது, அக்கால 16 பிட் நிறுவிகளில் பெரும்பாலானவையும் அப்படியே. அப்படி ஒன்று இருந்தால் 32 பிட். நினைவகம் 4 ஜிபிக்குமேல் பயன்படாது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் டிரைவர் எந்த பிட்டில் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். 64 பிட்டில் ஹோம் பிரீமியம் 16 ஜிபி வரைதான் ஏற்கும், புரொஃபஷனல் 192 ஜிபி வரை.

பேரலல் போர்ட் டாங்கிள் உள்ளவர்கள் யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். அது பிரிண்டருக்கு மட்டுமே உதவும். டாங்கிள் உண்மையான போர்ட் முகவரியைத் தேடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு வாங்குங்கள். விண்டோஸ் 7 டிரைவர் உள்ளதா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

திரட்டி வைக்க வேண்டியவை

சர்வீஸ் பேக் 1 சேர்ந்த விண்டோஸ் 7 டிவிடியும் அதற்கான உரிமச் சாவியும். பழைய கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், கணினியோடு சேர்ந்தே விற்கப்பட்ட ஓஇஎம் சாவி அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனியாக வாங்கிய சாவிதான் வேறு கணினிக்கு மாறும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி போதும். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று. பிஎஸ்/2 விசைப்பலகை, முடிந்தால் மவுஸும். வேலை செய்ய விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள வேறொரு கணினி, அதில் 20 ஜிபி காலியிடம். புதிய சிஆர்2032 பேட்டரி ஒன்று. அதன் பயன் பின்னால் வருகிறது.

கணினி தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உங்கள் மாதிரியைத் தேடி, விண்டோஸ் 7 என்று தெரிவு செய்து, சிப்செட், யூஎஸ்பி 3.0, நெட்வொர்க், கிராஃபிக்ஸ், ஒலி டிரைவர்களை இறக்கிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்கிலிருந்து கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டு அப்டேட்டுகளையும் எடுங்கள். இவை 2019இல் வந்தவை. இவை இல்லாமல் ஷா-2 என்ற புதிய வகை மின்னிலக்கக் கையொப்பம் மட்டும் இட்ட பிந்தைய டிரைவர்களையும் அப்டேட்டுகளையும் விண்டோஸ் 7 நம்ப மறுக்கும்.

டிரைவரை நிறுவிக்குள் சேர்ப்பது

முழு வேலையின் இதயம் இதுதான். இங்கே அவசரப்பட்டால் பின்னால் ஒவ்வொரு திரையிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

டிவிடியில் இருக்கும் எல்லாவற்றையும் வன்தட்டில் ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். அதற்குள் சோர்சஸ் என்ற ஃபோல்டரில் இரண்டு பெரிய கோப்புகள் இருக்கும்: பூட்.விம், இன்ஸ்டால்.விம். முதலாவது நிறுவும் நேரத்தில் மட்டும் ஓடும் சிறிய விண்டோஸ். இரண்டாவது எஸ்எஸ்டியில் போய் உட்காரப்போகும் விண்டோஸ். புதியவர்கள் செய்யும் தவறு, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் டிரைவர் சேர்ப்பது. பூட்.விம்மில் சேர்க்காவிட்டால் நிறுவும்போது விசைப்பலகை இல்லை. இன்ஸ்டால்.விம்மில் சேர்க்காவிட்டால் நிறுவல் அழகாக முடிந்து, முதல் முறை திறக்கும்போது பயனர் பெயர் கேட்கும் திரையில் விசைப்பலகை இல்லை. பின்னது இன்னும் கொடுமை.

இந்த வேலைக்கு மைக்ரோசாஃப்டின் டிசம் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு என்டிலைட் என்ற மென்பொருள் எளிது. வீட்டுப் பயனுக்கு அதன் இலவசப் பதிப்பு போதும். கடைக்கு, அலுவலகத்துக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும்.

என்டிலைட்டில் ஃபோல்டரைச் சேர்த்தால் பதிப்புகளின் பட்டியல் விரியும். உங்கள் சாவி எந்தப் பதிப்புக்கோ அதை ஏற்றுங்கள். அப்டேட் பக்கத்தில் கேபி4490628ஐயும் கேபி4474419ஐயும் சேருங்கள். டிரைவர் பக்கத்தில் யூஎஸ்பி 3.0 டிரைவரைச் சேருங்கள். நிறுவிக் கோப்பைச் சேர்க்கக் கூடாது. அதை விரித்தால் கிடைக்கும் ஐஎன்எஃப் கோப்புகள் உள்ள ஃபோல்டரைத்தான் சேர்க்க வேண்டும். 32, 64 பிட் இரண்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், சரியானதை எடுங்கள். மாற்றங்களைச் செயல்படுத்துங்கள். பிறகு பூட்.விம்மைத் திறந்தால் இரண்டு இமேஜ்கள் தெரியும். இரண்டாவது இமேஜ்தான் நிறுவி. அதை ஏற்றி அதே யூஎஸ்பி டிரைவரைச் சேருங்கள். குழப்பம் வேண்டாம் என்றால் முதலாவதிலும் சேர்த்துவிடுங்கள், கெடுதல் இல்லை.

என்விஎம்இ எஸ்எஸ்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேபி2990941, கேபி3087873 என்ற இரண்டு திருத்தங்கள் உண்டு. இரண்டு விம் கோப்புகளிலும் சேர்க்க வேண்டும். ஆனால் எங்கள் கருத்தில் இது தேவையற்ற சிக்கல். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமோ பழைய பேஜ்மேக்கரோ சாட்டா வேகத்தையே முழுதாகப் பயன்படுத்தப்போவதில்லை.

முடிந்ததும் என்டிலைட்டிலேயே ஐஎஸ்ஓ கோப்பு உருவாக்குங்கள். அதை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். பார்ட்டிஷன் முறை எம்பிஆர், இலக்கு பயாஸ் அல்லது சிஎஸ்எம், கோப்பு முறைமை என்டிஎஃப்எஸ். ஃபேட்32 வேண்டாம், அப்டேட் சேர்த்த இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினால் அதில் ஏறாது.

இத்தனையும் செய்யாமல் தப்பிக்கும் பழைய வழி ஒன்றும் இருக்கிறது. சாட்டா டிவிடி டிரைவ், பிஎஸ்/2 விசைப்பலகை இரண்டும் இருந்தால், மூல டிவிடியை அப்படியே போட்டு நிறுவலாம். அந்தப் பாதையில் யூஎஸ்பியே குறுக்கே வராது. சில போர்டுகளின் பயாஸில் "விண்டோஸ் 7 இன்ஸ்டாலேஷன்" அல்லது "பிஎஸ்/2 சிமுலேட்டர்" என்ற தெரிவும் இருக்கும். அது யூஎஸ்பி விசைப்பலகையை நிறுவிக்குப் பழைய விசைப்பலகைபோலக் காட்டும். ஆனால் நிறுவிய பிறகும் பென்டிரைவ் தெரியாது என்பதால், டிரைவர்களை முன்பே ஒரு டிவிடியில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பயாஸ் அமைப்புகள்

கணினியில் ஏற்கெனவே விண்டோஸ் 11 உள்ள வன்தட்டு இருந்தால், பயாஸைத் தொடும் முன், வன்தட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை அணைத்ததும் அந்த வன்தட்டு அதைக் கேட்கும். பிறகு கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, விண்டோஸ் 7 போகும் எஸ்எஸ்டியைத் தவிர மற்ற எல்லா வன்தட்டுகளையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் நிறுவி தன் பூட் கோப்புகளை வேறொரு வன்தட்டில் கொண்டுபோய் வைக்கும் வாய்ப்பு உண்டு. திறந்த கையோடு சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். சில போர்டுகளில் இயங்குதளத்தின் வகையை "அதர் ஓஎஸ்" என்று மாற்றினால்தான் அது அணையும். சிஎஸ்எம்மை இயக்குங்கள். டெல்லில் இதன் பெயர் லெகசி ஆப்ஷன் ராம். பூட் வரிசையையும் லெகசிக்கு மாற்ற வேண்டும். சாட்டா முறையை ஏஎச்சிஐ ஆக்குங்கள். டெல் அலுவலகக் கணினிகள் ரெய்டு (பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் முறை) என்ற அமைப்போடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. "அபவ் 4ஜி டிகோடிங்" என்று ஒன்று இருந்தால் அணையுங்கள்.

பிஎஸ்/2 விசைப்பலகையைக் கணினி அணைந்திருக்கும்போது மட்டும் செருகுங்கள். ஓடும்போது செருகினால் ஏற்காது.

நிறுவுதல்

இந்தக் கட்டம் சுருக்கமானது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து, மொழி தேர்ந்து, "கஸ்டம்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். எஸ்எஸ்டியில் பழைய பார்ட்டிஷன்கள் இருந்தால் எல்லாவற்றையும் அழியுங்கள். "ஜிபிடி வட்டில் நிறுவ முடியாது" என்று வந்தால் ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்துங்கள், கறுப்புத் திரை திறக்கும். அங்கே டிஸ்க்பார்ட்டை ஓட்டி, வட்டைத் தேர்ந்து, கிளீன் கட்டளை, பிறகு எம்பிஆராக மாற்றும் கட்டளை. கிளீன் எதையும் திரும்பக் கேட்காமல் துடைத்துவிடும். மற்ற வன்தட்டுகளைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் மறுதொடக்கத்தில் பென்டிரைவை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தொடக்கத்துக்கே போகும்.

7பி என்று முடியும் நீலத்திரை வந்தால் பூட் வட்டை அடைய முடியவில்லை என்று பொருள். பத்தில் ஒன்பது முறை சாட்டா முறை ரெய்டில் இருப்பதே காரணமாக இருக்கும். 428 என்று முடியும் பிழை எண் வந்தால், ஷா-2 அப்டேட் சேராமல் புதிய டிரைவர் சேர்ந்திருக்கிறது. எஃப்8 அழுத்திக் கையொப்பச் சோதனையை ஒருமுறை நிறுத்தி உள்ளே போய் கேபி4474419ஐப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் கோடு 52 என்று தெரிந்தாலும் இதே மருந்துதான்.

உள்ளே போன பிறகு டிரைவர்களை வரிசையாகப் போடுங்கள்: சிப்செட், யூஎஸ்பி, கிராஃபிக்ஸ், ஒலி. ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுதொடக்கம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க்கைத் தவிர மஞ்சள் ஆச்சரியக்குறி எதுவும் மிஞ்சாத பிறகே உங்கள் இயந்திரத்தின் மென்பொருளைத் தொடுங்கள்.

நெட்வொர்க் கேபிள்

மேலே உள்ள வரிசையில் நெட்வொர்க் டிரைவரைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. இந்தக் கணினி இணையத்தில் இருக்கக்கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பிணைப்பணம் கேட்கும் தீநிரல் பரவியபோது, யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு நெட்வொர்க் வழியாகத் தாவியது. சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளில் மின்னிலக்க வழிகாட்டிப் பலகைகளிலும் அதன் சிவப்புத் திரை தெரிந்தது. அந்த ஓட்டையை அடைத்த அப்டேட் கேபி4012212, 2017 மார்ச் மாதமே வந்திருந்தது. தொலைநிலை டெஸ்க்டாப் சேவையில் இருந்த ப்ளூகீப் ஓட்டைக்கு 2019 மே மாதத்தின் கேபி4499175. இணையத்தில் இணைக்காவிட்டாலும் இரண்டையும் போடுங்கள். கடைக்குள் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்தும் நோய் வரலாம்.

சிங்பாஸ், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் இதில் திறக்காதீர்கள். குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், வேறு கணினியில் வைரஸ் சோதனை முடித்த பிறகு.

தமிழ்க் கோப்புகளுக்காக இதைச் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று எந்தக் குறியீட்டில் இருந்தாலும், எழுத்துருக் கோப்புகளை முதலில் நகலெடுத்து வையுங்கள். எழுத்துரு தொலைந்தால் கோப்பு திறக்கும், ஆனால் உள்ளே ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். கணினி ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு கோப்பாக என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். ஒரு நாளைக்குப் பத்து என்றாலும் சரி. ந, ண, ன மாறியிருக்கிறதா, ஒற்றெழுத்துகள் விழுந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

எல்லாம் ஓடுகிறது என்றானதும், அன்றே குளோன்ஜில்லா என்ற மென்பொருளை வைத்து முழு எஸ்எஸ்டியின் நகலை இரண்டு வெளி வன்தட்டுகளில் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பயாஸ் அமைப்புத் திரைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அச்சிட்டுக் கணினிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். சில ஆண்டுகள் கழித்து பேட்டரி தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். காலையில் கடை திறந்ததும் 7பி நீலத்திரை நிற்கலாம். அப்போது செய்ய வேண்டியது பேட்டரியை மாற்றி, அந்தத் தாளைப் பார்த்து ஏஎச்சிஐயையும் லெகசியையும் மீண்டும் அமைப்பதுதான். விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை.